போத்தல் தண்ணீரில் ஒரு வேர்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதைப் பேச என்னைவிடப் பெரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். நான் ஒரு போத்தலைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். ஹார்லிக்ஸ் தீர்ந்து போன காலிப் போத்தல். சிரிக்காதீர்கள். இந்தப் போத்தலுக்குள் உங்கள் பிள்ளையின் அறிவியல் பாடமும் இருக்கிறது, உங்கள் வீட்டின் ஆரோக்கியமும் இருக்கிறது.

நம் தோட்டத்து லயங்களில் பாதி காலியாகிவிட்டது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு குடும்பமாகக் கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு நாள் பள்ளி விட்டு நான் வெளியே வரும்போது, கடைசி லயத்துப் பாட்டி ஒருவர் வேலியோரம் காத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, அடுத்த மாசம் பிளாட்டுக்குப் போறோம். ஆறாவது மாடி. அங்க ஒரு பிடி மண்ணு கெடையாதாம். இந்தக் கற்பூரவள்ளிய எப்படிக் கொண்டு போறது? எங்க ஆத்தா வச்ச செடி. இதுல கசாயம் வச்சுக் குடுத்துத்தான் ஏழு பிள்ளைங்கள வளத்தேன்" என்றார்.

கட்டில் போகும், அலமாரி போகும், சாமிப் படம் போகும். நாற்பது ஆண்டு வாசலில் நின்ற செடியை எந்த லாரியில் ஏற்றுவது? அந்தப் பாட்டிக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். செடியைத் தூக்க வேண்டாம், பாட்டி. ஒரு கிளை போதும். ஒரு போத்தல் தண்ணீர் போதும்.

எப்படிச் செய்வது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலை நேரத்தில், முற்றியும் போகாமல் ரொம்பத் தளிராகவும் இல்லாமல், நோயில்லாத ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். பூ விட்ட கிளை வேண்டாம். ஒரு சாண் நீளம் போதும். சுத்தமான, கூரான கத்தியால் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கணு என்பது இலை தண்டோடு சேரும் முடிச்சு. பெரும்பாலான செடிகளில் வேர் அங்கிருந்துதான் சுலபமாகப் புறப்படும். தண்ணீருக்குள் முழுகும் இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். இலை தண்ணீரில் கிடந்தால் அழுகும், அழுகினால் நாறும், தண்டையும் கெடுக்கும். மேலே மூன்று நான்கு இலை இருந்தால் போதும். ஒன்றிரண்டு கணு தண்ணீருக்குள் இருக்கும்படி வையுங்கள். குழாய்த் தண்ணீரில் மருந்து வாசம் தூக்கலாக இருந்தால், துணி கட்டி ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் ஊற்றுங்கள்.

வெளிச்சம் வேண்டும், ஆனால் நேர் வெயில் கூடாது. கண்ணாடிப் போத்தலில் வெயில் பட்டால் தண்ணீர் சுடும், பச்சைப் பாசியும் பிடிக்கும். போத்தலைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைக் கட்டிவிட்டால் பாசி குறையும். உரம் எதுவும் போடாதீர்கள். வேரே வராத தண்டுக்கு உரம் போடுவது, பல் முளைக்காத குழந்தைக்கு முறுக்குக் கொடுப்பது போல.

எது எது இப்படி வேர் விடும்? நம் வாசலில் நிற்பவற்றையே சொல்கிறேன். சந்தையில் வாங்கும் கங்குங் கீரையில் இலையை ஆய்ந்து எடுத்துவிட்டுத் தண்டைத் தண்ணீரில் வையுங்கள். சில நாளிலேயே வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். சர்க்கரைவள்ளிக் கொடியும் அப்படித்தான். புதினா, பசலை, கற்பூரவள்ளி எல்லாம் ஒன்றிரண்டு வாரம். துளசி பூக்காத இளங்கிளையாக இருந்தால் ஏறக்குறைய இரண்டு வாரம். வெற்றிலைக் கொடியும் மணி பிளாண்டும் கணுவிலேயே வேருக்கான முளையை வைத்துக்கொண்டு காத்திருக்கும். நம் நாட்டு மலர் செம்பருத்திக்குப் பொறுமை வேண்டும். ஒரு மாதம்கூட ஆகலாம், சில கிளை அழுகியும் போகும். அதை மண்ணிலேயே ஊன்றுவது நல்லது.

வராதவற்றையும் சொல்ல வேண்டும் அல்லவா? கருவேப்பிலைக் கிளையைத் தண்ணீரில் வைத்து ஏமாந்தவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள். அதற்கு விதை உண்டு, தாய்ச்செடியின் வேரிலிருந்து முளைக்கும் கன்று உண்டு. அதைப் பெயர்த்து வையுங்கள். முருங்கைக்குக் கை பருமன் போத்தாக வெட்டி நேரே மண்ணில் ஊன்ற வேண்டும். மரவள்ளியும் மண்ணில்தான். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மக்கள் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த கதையை உங்கள் தாத்தா பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் ஒரு குடும்பத்துக்குக் கிழங்கு என்றால், ஒரு தண்டுக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! தென்னையும் செம்பனையும் மட்டும் இந்த வித்தைக்கு வராது. அவற்றுக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். அதை வெட்டினால் மரமே போச்சு.

இனி மாணவர்களுக்காகக் கொஞ்சம். வெட்டுப்பட்ட தண்டு ஏன் சாகாமல் வேர் விடுகிறது? செடியின் நுனியிலும் இளம் இலைகளிலும் ஆக்சின் என்ற ஒரு பொருள் உண்டாகிறது. அது தண்டு வழியே கீழ்நோக்கி இறங்கும். ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வென்ட் என்பவர் 1928இல் ஓட்ஸ் முளைகளை வைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டு, அப்படி ஒரு பொருள் இருப்பதைத் தெளிவாகக் காட்டினார். நாம் தண்டை வெட்டும்போது கீழே போகும் பாதை அடைபடுகிறது. ஆக்சின் வெட்டுவாய்ப் பக்கம் சேருகிறது. அங்குள்ள உயிரணுக்கள் தண்டு வேலையை விட்டு வேர் வேலைக்கு மாறுகின்றன. ஆனால் அந்த வேரும் மூச்சு விட வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. மாற்றாத தண்ணீரில் அது குறைந்துகொண்டே வரும். தண்ணீரை மாற்றச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் பின்னால் வருகிறது.

இன்னொரு விஷயம். கிளையிலிருந்து வந்த செடி தாயின் அச்சு அசலாகவே இருக்கும். நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் தொடங்கப்பட்டது. அங்கே உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தை இங்கே எத்தனையோ பேர் வெட்டிப் பாலெடுத்திருப்பீர்கள். அந்த இலட்சக்கணக்கான மரங்களும் ஒரே தாய் மரத்து மொட்டை ஒட்டுக் கட்டிக் கட்டிப் பெருக்கியவைதான். மணி பிளாண்டும் அப்படியே. பசிபிக் கடலில் மோரியா என்ற தீவில் பிறந்த கொடி அது. பூப்பதே மிக அரிது. ஆகவே கோலாலம்பூர் அலுவலகங்களில் நிற்பதும் கிள்ளான் வீடுகளில் தொங்குவதும் கை மாறிக் கை மாறி வந்த தண்டுகளே. ஒன்று சொல்லி வைக்கிறேன். அதன் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், வீங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இப்போது நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். தோட்டத்தில் வளர்ந்தவளுக்குப் பச்சை இல்லாமல் இருக்க முடியவில்லை. கீழே பூமாலை கட்டும் கடைகள், மேலே என் ஜன்னலில் வரிசையாக எட்டுப் போத்தல். மணி பிளாண்ட், துளசி, புதினா. பார்ப்பவர்கள் எல்லாம் 'கைராசிக்காரி' என்றார்கள். எனக்கும் பெருமைதான். விடுமுறை வந்தது. ஊருக்குப் போனேன். இரண்டு வாரம் போத்தல்களை நினைக்கவே இல்லை.

திரும்பி வந்தபோது வீட்டுக்கார அக்காவின் மகன் டிங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தான். ஏழு வயதுப் பிள்ளை. மறுநாள் சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். சாக்கடையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், கடைசியில் என் அறைக்கு வந்தார்கள். ஒருவர் டார்ச் அடித்து என் துளசிப் போத்தலைக் காட்டினார். உள்ளே கூத்தாடிப் புழுக்கள் குதித்துக்கொண்டிருந்தன. மலாயில் ஜெந்திக்-ஜெந்திக் என்பார்களே, அதே. நான் வாய் பேசாமல் நின்றேன்.

அந்தப் பிள்ளையைக் கடித்த கொசு என் போத்தலில் பிறந்ததுதான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஆனால் இல்லை என்றும் யாரால் சொல்ல முடியும்? அபராதச் சீட்டு வீட்டுக்கார அக்கா பெயரில்தான் வந்தது. அவர் என்னிடம் ஒரு காசு கேட்கவில்லை. "நீ படிக்கிற பிள்ள, வுடும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை அடித்ததைவிட அதிகமாக வலித்தது. மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுத்து அடைத்தேன். பிள்ளை பிழைத்து வந்தான், ஆண்டவன் புண்ணியம். அவனைப் பார்க்கும் போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தண்ணீரும் காய்ச்சலும் இந்த மண்ணுக்குப் புதிய சொந்தம் அல்ல. நாம் நிற்கும் கிள்ளான் வட்டாரத்தின் கதையே அதுதான். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர், மலேரியாக் கிருமி கொசுவுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்தார். 1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட இன்றைய கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே வந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார், காட்டை வெட்டித் தூய்மைப்படுத்தச் செய்தார். தேங்கிய நீர் போனது, காய்ச்சல் அடங்கியது. பின்னர் தோட்டங்களிலும் அவர் அதே வேலையைத் தொடர்ந்தார். அதற்கு முன் லயங்களில் செத்து விழுந்தவர்கள் யார்? கப்பல் ஏறி வந்த நம் பாட்டன் பூட்டன்மார்தான். வடிகால் வெட்டிய கைகளிலும் நம்மவர் கைகள் எத்தனையோ.

மலேரியாக் கொசு சதுப்பிலும் ஓடையிலும் வளர்ந்தது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சதுப்பே வேண்டாம். ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு பால் மங்கு, ஒரு பூச்சாடி போதும். அதுவும் தெளிந்த தண்ணீராகப் பார்த்து முட்டையிடும். 1962இல் பினாங்கில் இரத்தக்கசிவு டிங்கி தலைகாட்டியது. 1973இல் நாட்டில் பெரிய அளவில் பரவியது. 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் வந்தது. இன்று வீடு வீடாக அதிகாரிகள் வருவது அந்தச் சட்டத்தின்படிதான். ஆனால் எத்தனை அதிகாரி வந்தாலும் ஆறாவது மாடி ஜன்னல் போத்தலைத் தினமும் வந்து பார்க்க முடியுமா? அதற்கு அதிகாரி நீங்கள்தான், தாய்மார்களே.

முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வர, நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் வீடு கழுவி, குத்துவிளக்கு துலக்கும் பழக்கம் உண்டு. அந்த இரண்டு நாளிலும் விளக்கோடு போத்தலையும் துலக்குங்கள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே மூன்று நாள், வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே நான்கு நாள். கொசுவுக்குச் சிறகு முளைக்க நேரமே இல்லை.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, போத்தலின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே பிரஷ்ஷோ தேங்காய் நாரோ போட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்டைச் சுற்றிப் போத்தல் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். ஊருக்குப் போகிறீர்களா? கிளையைப் பக்கத்து வீட்டில் ஒப்படையுங்கள், அல்லது மண்ணில் நட்டுவிட்டுப் போத்தலைக் கவிழ்த்து வையுங்கள். பூந்தொட்டித் தட்டு, சாமி மேடைப் பூச்சாடி, எறும்பு வராமல் அலமாரிக் காலுக்கு வைக்கும் கிண்ணம், இவற்றுக்கும் அதே செவ்வாய் வெள்ளிதான்.

யாருக்காவது திடீரென்று கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறித்துப்போட்டது போல் வலி என்றால் கிளினிக்குக்கு உடனே கொண்டு போங்கள். கடையில் வாங்கி ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் ஆபத்து விட்டது என்றும் நினைக்காதீர்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம்.

கடைசியாக ஒன்று. வேர் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வந்துவிட்டால் செடியை மண்ணுக்கு மாற்றுங்கள். மணி பிளாண்ட் தண்ணீரிலேயே நெடுநாள் இருக்கும். மற்றவை அப்படி இல்லை. தண்ணீரில் வந்த வேர் சீக்கிரம் ஒடியும். ரொம்ப நாள் விட்டால் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அடியில் துளை போட்டு மண் நிரப்பி, விரலால் குழி செய்து, வேர் ஒடியாமல் இறக்குங்கள். முதல் இரண்டு வாரம் மண் ஈரமாகவே இருக்கட்டும். இலை கொஞ்சம் வாடும். பயப்படாதீர்கள், புது இடத்தில் யாருக்கும் அப்படித்தான்.

என் நான்காம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு போத்தல் வைத்தார்கள். சிலருடையது அழுகியது. ஒரு பையனுடையது மட்டும் ஏன் வேர் விடவே இல்லை என்று விசாரித்தேன். "வேர் வந்துச்சான்னு தினமும் வெளிய எடுத்துத் தடவிப் பாத்தேன், டீச்சர்" என்றான். பெற்றோர்களே, நாமும் பிள்ளைகளிடம் சில நேரம் அதைத்தானே செய்கிறோம்? தண்ணீரை மாற்றுவது நம் வேலை. வேர் விடுவது அதன் வேலை. அந்தப் பையன் மறுபடி வைத்தான், இந்த முறை கை வைக்கவில்லை. அவனுடைய கங்குங் இன்று பள்ளித் தோட்டத்தில் இருக்கிறது. பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆகவே இங்கேயே ஒரு கைதட்டு கொடுத்துவிடுங்கள்.

கடைசி லயத்துப் பாட்டியை விட்டுவிட்டேனே! போன மாதம் அவர் பிளாட்டுக்குப் போயிருந்தேன். ஆறாவது மாடி வராந்தாவில் ஐஸ்கிரீம் டப்பாவில் கற்பூரவள்ளி தழைத்து நிற்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒரு கிளை, எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி ஒரு கிளை வாங்கிப் போயிருக்கிறார்களாம். நான் கொடுத்த ஹார்லிக்ஸ் போத்தலைத் தேடினேன். கழுவித் துடைத்து, அடுப்படி மூலையில் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது.

"வேல முடிஞ்சா போத்தல கவுத்து வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க, டீச்சரம்மா" என்றார்.

பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். இவ்வளவு சரியாகப் படித்த மாணவியை நான் பார்த்ததில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காலிப் போத்தலைக் கழுவுங்கள். உங்கள் பிள்ளையையே கிளை வெட்டச் சொல்லுங்கள். செவ்வாயும் வெள்ளியும் மறவாதீர்கள்.